பாக்ஸ் 33-இல் யார் பெயர்?

சென்னையில் ராத்திரி ஷிஃப்டில் ஏ.ஆர். காலிங் பார்த்தவர்களிடம், அதாவது அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்குப் போன் போட்டு மருத்துவ பில் பாக்கியைக் கேட்கும் வேலை பார்த்தவர்களிடம், அமெரிக்க மருத்துவத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பணம் தராததற்குக் காரணமாக இன்ஷூரன்ஸ் எழுதி அனுப்பும் நம்பரைச் சொல்வார்கள். சி.ஓ.-45 என்றால் பில்லுக்கும் ஒப்பந்த ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம், கழித்துவிட்டுப் போக வேண்டியதுதான். சி.ஓ.-29 என்றால் கிளெய்ம் அனுப்பக் கெடு தாண்டிவிட்டது. சி.ஓ.-197 என்றால் முன் அனுமதி இல்லை. சேர்ந்த புதிதில் எனக்குப் புரியாமல் போனது சி.ஓ.-24. இந்தச் சிகிச்சைக்கான பணம் கேபிடேஷன் ஒப்பந்தத்திலேயே அடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தர மாட்டோம் என்றும் இல்லை, அப்புறம் தருகிறோம் என்றும் இல்லை. ஏற்கெனவே கொடுத்தாயிற்று. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று டீம் லீடரைக் கேட்டேன். "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா, அட்ஜஸ்ட் பண்ணிட்டு அடுத்த அக்கவுண்ட் எடு" என்றார்.

கேபிடேஷன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மருத்துவக் கல்லூரி நன்கொடை. அங்கே அதற்குப் பொருள் வேறு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, ஏறக்குறைய அதுதான். வீட்டில் ஒருவர்கூடத் தேர் பார்க்க வராவிட்டாலும் வரி வரிதான். இன்ஷூரன்ஸ் நிறுவனம் மாதம் பிறந்ததும் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு டாலர் என்று டாக்டர் குழுவுக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்துவிடும். அந்த உறுப்பினர் பத்து முறை வந்தாலும் அவ்வளவுதான், எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும் அவ்வளவுதான்.

பணம் தருகிறவரே சிகிச்சையையும் மேற்பார்வை பார்ப்பதை அங்கே மேனேஜ்டு கேர் என்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று கட்டுவது அதில் ஒரு வழி. ரேட்டைப் பேசி முடித்துக் குறிப்பிட்ட மருத்துவமனைக்கே ஆட்களை அனுப்புவது இன்னொரு வழி. முன் அனுமதி கேட்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்க அமெரிக்க மருத்துவமனைகள் நாற்பது ஆண்டுகளாக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டன. எல்லாவற்றிலும் அவர்கள் முட்டிக்கொண்ட சுவர் ஒன்றுதான், டாக்டர்.

அது ஏன் என்பதற்கு இரண்டு படிவங்களைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் படுத்தால் பெரும்பாலும் இரண்டு கிளெய்ம் போகும். மருத்துவமனையின் கிளெய்ம் யு.பி.-04 படிவத்தில், டாக்டரின் கிளெய்ம் சி.எம்.எஸ்.-1500 படிவத்தில். கட்டில், நர்ஸ், மருந்து, ஆபரேஷன் தியேட்டர் முதலாவதில் வரும். வெட்டித் தைத்த கைக்குக் கூலி இரண்டாவதில். இந்தப் பிரிவு நேற்று வந்ததில்லை. அங்கே நெடுங்காலமாக மருத்துவமனை டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை. டாக்டர் வெளியே சொந்தமாகக் கிளினிக் நடத்துவார். தன் நோயாளியைச் சேர்க்கவும் ஆபரேஷன் செய்யவும் மருத்துவமனை அவருக்கு உரிமை மட்டும் கொடுத்து வைத்திருக்கும். நோயாளியைக் கொண்டுவருவது அவர். ஆகவே மருத்துவமனைக்கு அவர்தான் வாடிக்கையாளர். அவருக்கு நல்ல பார்க்கிங் இடம், புது ஸ்கேன் இயந்திரம், கேட்ட நேரத்தில் தியேட்டர் என்று தாங்கினார்கள். 1965-இல் முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸாக மெடிகேர் வந்தபோதும் அரசு இந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. மருத்துவமனைக்குப் பார்ட் ஏ, டாக்டருக்குப் பார்ட் பி. இரண்டும் வேறு வேறு பை.

ஆரம்பத்தில் மெடிகேர் ஆன செலவைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. செலவு கூடினால் வரவும் கூடும் என்றால் யார்தான் சிக்கனம் பிடிப்பார்கள்? 1983 அக்டோபர் 1 முதல் அது மாறியது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் உருவாக்கிய டி.ஆர்.ஜி. என்ற வகைப்பாட்டை மெடிகேர் எடுத்துக்கொண்டது. நோய்களைச் சுமார் 470 கட்டுகளாகப் பிரித்து, இன்ன கட்டுக்கு இன்ன தொகை என்று வைத்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு உடைந்து வந்தவர் ஐந்து நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிட்டத்தட்ட ஒரே தொகைதான்.

ஆனால் டாக்டருக்கு? அவர் தினமும் வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்ததற்குத் தனிக் காசு. பத்து நாள் இருந்தால் பத்து விசிட். வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆர்டர் எழுதும் பேனா அவர் கையில், எழுதாவிட்டால் வரும் நஷ்டம் மருத்துவமனை தலையில். மருத்துவமனையிலேயே விலை உயர்ந்த கருவி டாக்டரின் பேனாதான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அது கிண்டலாகச் சொன்னதில்லை, கணக்கு.

இன்ஷூரன்ஸ் பக்கமும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1933-இல் சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் டாக்டர் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை கட்டினார். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டுபோகக் கால்வாய் வெட்டும் தொழிலாளர்கள்தான் நோயாளிகள். அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார், இன்ஷூரன்ஸ் காசு ஒழுங்காக வரவில்லை, கடனில் மூழ்கினார். கடைசியில் ஓர் ஏற்பாடு பிறந்தது. வேலையில் படும் காயத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட் முன்கூட்டியே தரும். மற்ற நோய்களுக்கும் பார்க்க வேண்டும் என்றால் தொழிலாளி தன் கூலியிலிருந்து இன்னொரு 5 சென்ட். ஆயிரக்கணக்கான பேர், தினமும் பத்து பத்து சென்ட். மருத்துவமனை பிழைத்துக்கொண்டது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பணம் முன்னாலேயே வந்துவிட்டதால், ஆணி குத்தி ஒருவர் வந்தால் அது இப்போது கார்ஃபீல்டுக்கு வரவு இல்லை, செலவு. உடனே வேலை நடக்கும் இடத்துக்கே போய், நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை அடித்து மடக்கச் சொன்னாராம். அதுவரை காயம் வந்தால் காசு. இப்போது காயம் வராவிட்டால் காசு. அதே டாக்டர், அதே ஆணி, கொடுக்கும் முறை மட்டும் திரும்பிவிட்டது.

கார்ஃபீல்டும் தொழிலதிபர் ஹென்றி கைசரும் சேர்ந்து அணைக்கட்டு, கப்பல் தளம் என்று இந்த முறையை எடுத்துப்போய், 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்தார்கள். இன்றைய கைசர் பெர்மனென்ட்டே அதுதான். அங்கே மருத்துவமனை, டாக்டர் குழு, இன்ஷூரன்ஸ் மூன்றும் ஒரே கூரைக்குள். அதனால் கைசருக்கு இந்தக் கட்டுரையில் பேசும் சண்டை பெரும்பாலும் கிடையாது. மற்றவர்களுக்குத்தான் தலைவலி. 1970 வாக்கில் பால் எல்வுட் என்பவர் இந்த மாதிரிக்கு ஹெச்.எம்.ஓ. என்று பெயர் வைத்து நிக்சன் அரசிடம் எடுத்துப்போனார், 1973 கடைசியில் சட்டமே வந்துவிட்டது. 1982-இல் கலிபோர்னியா ஒரு படி மேலே போய், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டது. நெட்வொர்க் என்று இன்றைக்கு நாம் சொல்வது பரவியது அதற்குப் பிறகுதான்.

இப்போது மருத்துவமனையின் இடத்தில் நின்று பாருங்கள். டாக்டரைக் கையில் போட்டுக்கொண்டால் நோயாளி வருவார் என்று இருந்தது போய், இன்ஷூரன்ஸ் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் டாக்டரே விரும்பினாலும் நோயாளி வர முடியாது என்று ஆகிவிட்டது. ஊரில் நாலு மருத்துவமனை இருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர் இவ்வளவுக்கு ஒத்துக்கொண்டார், நீங்கள் எவ்வளவுக்கு என்பார். கோயம்பேட்டில் தக்காளி ஏலம் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதலில் தோன்றிய யோசனை, டாக்டர்களும் மருத்துவமனையும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகப் பேரம் பேசுவது. பி.ஹெச்.ஓ. என்று ஒரு கூட்டு அமைப்பு, பாதி இடம் டாக்டர்களுக்கு, பாதி மருத்துவமனைக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனித்தனியாகத் தொழில் நடத்தும் டாக்டர்கள் ஒன்றுகூடி ரேட் பேசினால் அது வியாபாரிகள் சேர்ந்து விலை வைப்பதற்குச் சமம் என்று அரிசோனாவின் மரிகோப்பா மாவட்ட மருத்துவர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆகவே பல பி.ஹெச்.ஓ.க்கள் தபால்காரர் வேலைதான் பார்த்தன. இன்ஷூரன்ஸ் சொல்லும் ரேட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, அவர் சரி என்றாரா இல்லையா என்பதைத் திருப்பிக் கொண்டுவந்து சொல்வது. 1996-இல் அரசு கொஞ்சம் இறங்கி வந்து, டாக்டர்கள் நஷ்டத்தைச் சேர்ந்து சுமந்தாலோ, சிகிச்சை முறைகளை நிஜமாகவே ஒழுங்குபடுத்தி ஒருவரையொருவர் கண்காணித்தாலோ, சேர்ந்து பேரம் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது. அந்த 'நிஜமாகவே' என்ற இடத்தில்தான் நிறைய பேர் நழுவினார்கள். லெட்டர்ஹெட் அடித்தார்கள், தலைவர் செயலாளர் போட்டார்கள், மாதம் ஒரு டின்னர் மீட்டிங் வைத்தார்கள். வார்டில் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாவது யோசனை துணிச்சலானது. ரேட்டுக்காகச் சண்டை போடுவதைவிடத் தலைக்கட்டுப் பணத்தை நாமே வாங்கிக்கொண்டு மிச்சம் பிடிப்போம் என்பது. இதில் எவ்வளவு நூலிழையில் லாப நஷ்டம் தொங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். 20,000 உறுப்பினர், மருத்துவமனைப் பங்காகத் தலைக்கு மாதம் 40 டாலர் என்று வையுங்கள். ஆண்டுக்கு 96 லட்சம் டாலர் வரவு. ஆயிரம் உறுப்பினர் சேர்ந்து ஆண்டுக்கு 250 நாள் படுக்கையில் இருந்தால் மொத்தம் 5,000 நாள். ஒரு நாளைக்கு 1,800 டாலர் அடக்கம் என்றால் செலவு 90 லட்சம். ஆறு லட்சம் மிச்சம். சரி, அதே உறுப்பினர்கள் ஆயிரத்துக்கு 300 நாள் இருந்துவிட்டால்? 6,000 நாள், ஒரு கோடியே 8 லட்சம். பன்னிரண்டு லட்சம் பள்ளம். யாருக்கும் புதிதாகக் கொள்ளைநோய் வரவில்லை. சராசரியாக ஐந்து நாளில் போனவர்கள் ஆறு நாளில் போனார்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியிருக்க வேண்டியவரைத் திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டாக்டர் விட்டால் போதும்.

கட்டில்களை வைத்துப் பிழைப்பவர் கட்டில் காலியாக இருந்தால் லாபம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு விசித்திரம் என்று பாருங்கள். அதுவும் நோயாளிகளில் ஒரு பகுதிக்கு மட்டும். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில். ஒருவர் சீக்கிரம் போனால் மருத்துவமனைக்கு லாபம், பக்கத்தில் இருப்பவருக்கு நாள் கணக்கில் பணம் வருவதால் அவர் இருந்தால் லாபம். எந்தக் கட்டிலுக்கு எந்த ஒப்பந்தம் என்று டாக்டர் ஞாபகம் வைத்துக்கொண்டா ரவுண்ட்ஸ் போவார்? போகவும் கூடாது.

அப்படியானால் டாக்டரையே வாங்கிவிடுவோம் என்று 1990-களின் நடுவில் கிளம்பினார்கள். முக்கியமாகக் குடும்ப டாக்டர்களை. ஹெச்.எம்.ஓ. திட்டங்களில் ஸ்பெஷலிஸ்டிடம் போக இவர்தான் சீட்டு எழுத வேண்டும், வாசலில் நிற்பவர் இவர். கிளினிக்கை மொத்தமாக விலை பேசி, நற்பெயருக்கு ஒரு தொகை போட்டு, அவரையே சம்பளத்துக்கு வைத்தார்கள். இதற்குச் சட்டமும் ஒரு வகையில் காரணம். நோயாளியை அனுப்பியதற்காக வெளி டாக்டருக்கு மருத்துவமனை ஏதாவது கொடுத்தால் அது லஞ்சக் குற்றம். பணத் தொடர்பு உள்ள இடத்துக்கு டாக்டர் மெடிகேர் நோயாளியை அனுப்புவதைத் தடுக்கும் ஸ்டார்க் சட்டம் என்று இன்னொன்றும் உண்டு. ஆனால் அவர் சொந்த ஊழியர் என்றால் விதிவிலக்கு இருக்கிறது. நண்பராக வைத்துக்கொள்வது ஆபத்து, வேலைக்காரராக வைத்துக்கொள்வது பத்திரம்.

இந்த ஆட்டத்தில் தலைகுப்புற விழுந்தது பிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அலெகெனி என்ற லாபநோக்கற்ற அமைப்பு. பென்சில்வேனியாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், பிலடெல்பியாவில் மருத்துவக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் வாங்கிச் சேர்த்தது. 1993-இல் பழம்பெரும் ஹானமன் மருத்துவமனை. கூடவே நூற்றுக்கணக்கான டாக்டர்களின் கிளினிக்குகள். இவ்வளவு பெரிய வலை இருந்தால் எந்த இன்ஷூரன்ஸ் நம்மைத் தவிர்க்க முடியும் என்பது கணக்கு. மொத்தப் பொறுப்பையும் ஏற்கும் கேபிடேஷன் ஒப்பந்தங்களும் போட்டது. 1998 ஜூலையில் 130 கோடி டாலர் கடனோடு திவால் மனு. லாபநோக்கற்ற மருத்துவத் துறையில் அதுவரை அவ்வளவு பெரிய திவாலை அமெரிக்கா கண்டதில்லை. ஹானமன் மருத்துவமனை பல கை மாறி 2019-இல் மூடியே போயிற்று.

வாங்கிய கிளினிக்குகள் ஏன் கையைக் கடித்தன? இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சொந்தக் கடை வைத்திருப்பவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த ஆளையும் ஷட்டரைப் பாதி தூக்கி வியாபாரம் பார்ப்பார். அந்தக் கடையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு அதிலேயே மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவார். தப்பு அவர் மேல் இல்லை. அவரை மருத்துவமனை தன் ஆள் ஆக்கிக்கொண்டது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். எந்த ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பலாம், எத்தனை நாள் படுக்க வைக்கலாம் என்ற பழக்கமெல்லாம் அவரோடு இருபது வருடமாக இருப்பது. அது விலை ஒப்பந்தத்தில் வரவில்லை. மருத்துவமனைகள் மட்டும் இல்லை, இதையே தொழிலாகச் செய்த கம்பெனிகளும் கவிழ்ந்தன. நாஷ்வில் நகரத்து ஃபைகார் 2002-இல் திவால். அலபாமாவின் மெட்பார்ட்னர்ஸ் 1998-லேயே டாக்டர் வியாபாரத்தை விட்டு ஓடிவிட்டது.

இந்தச் சமயத்தில் மக்களுக்கும் மேனேஜ்டு கேர் மேல் வெறுப்பு முற்றியிருந்தது. குழந்தை பெற்றவளை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் உட்கார்ந்தபடி பர்கர் வாங்கிப் போவதோடு ஒப்பிட்டு இதற்கு ஒரு கேலிப் பெயர்கூட வந்தது. சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரம், சிசேரியன் என்றால் 96 மணி நேரம் தங்க இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும் என்று 1996-இல் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியதாயிற்று. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கெடுபிடி குறைந்த, பெரிய நெட்வொர்க் உள்ள திட்டங்களைக் கேட்டன. பெரிய நெட்வொர்க் என்றால் ஊரில் பேர்பெற்ற மருத்துவமனை அதில் இருந்தே ஆக வேண்டும். ஏலத்தில் தக்காளியாக இருந்தவருக்கு இப்போது கை ஓங்கியது.

பாஸ்டனில் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். ஹார்வர்டோடு இணைந்த இரண்டு பெரிய மருத்துவமனைகள், மாசசூசெட்ஸ் ஜெனரலும் பிரிகமும், 1994 வாக்கில் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் சேர்ந்துகொண்டன. நல்ல டாக்டர் குழுக்களையும் வளைத்துப் போட்டன. 2000-இல் பார்ட்னர்ஸ் கேட்ட ரேட்டைத் தர டஃப்ட்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் திட்டம் மறுத்ததும், சரி, உங்கள் உறுப்பினர்களைப் பார்க்க மாட்டோம் என்று பார்ட்னர்ஸ் எழுந்துவிட்டது. உறுப்பினர்கள் டஃப்ட்ஸ் மேல் பாய்ந்தார்கள். டஃப்ட்ஸ் அதிக நாள் தாங்கவில்லை, இறங்கி வந்தது. 2010-இல் மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒப்பந்தங்களையெல்லாம் வாங்கிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை இவ்வளவு விலை வித்தியாசம் ஏன்? தரத்தாலா? இல்லை. நோயாளிகளின் நிலை மோசம் என்பதாலா? அதுவும் இல்லை. யாருக்குச் சந்தையில் பலம் அதிகமோ அவருக்கு விலை அதிகம். வடக்குக் கலிபோர்னியாவில் சட்டர் ஹெல்த் மேலும் இதே மாதிரிப் புகார். ஒரு மருத்துவமனை வேண்டும் என்றால் எங்கள் எல்லா மருத்துவமனைகளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்களைக் கட்டாயப்படுத்தியதாக வழக்கு. 2019-இல் 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆயிற்று.

ஆக, கூட்டு அமைப்பு, கேபிடேஷன், ஒருங்கிணைப்பு என்று மாநாடுகளில் ஓயாமல் பேசிய காலத்தில் மருத்துவமனைகளுக்கு உண்மையில் பலன் கொடுத்தது உருவம் பெருத்ததுதான் என்பது என் கட்சி. சிகிச்சையை நிர்வகித்து ஜெயித்தவர்கள் குறைவு. பேர மேஜையில் ஜெயித்தவர்கள் அதிகம்.

அந்தக் குறைவானவர்களில் ஒருவரையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவின் நடுவில், சிறு ஊர்களுக்கு நடுவே கெய்சிங்கர் என்று ஒரு மருத்துவ அமைப்பு. ஆரம்பத்திலிருந்தே டாக்டர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், சொந்த இன்ஷூரன்ஸ் திட்டமும் உண்டு. 2006-இல் இதய பைபாஸ் ஆபரேஷனுக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலிருந்து பின்னால் 90 நாள் வரை மொத்தமாக ஒரே விலை, அதற்குள் ஆபரேஷனால் சிக்கல் வந்து திரும்பச் சேர்ந்தால் தனி பில் கிடையாது. வாஷிங் மெஷினுக்குத் தரும் வாரண்டி மாதிரி என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் சூட்சுமம் விலையில் இல்லை. இதய அறுவை நிபுணர்கள் தாங்களே உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று 40 படிகளை எழுதினார்கள். எப்போது ஆன்டிபயாட்டிக் கொடுப்பது என்பது வரைக்கும். ஒரு படி விடுபட்டிருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். ஒரு படியைப் பின்பற்ற வேண்டாம் என்று டாக்டர் நினைத்தால் தாராளமாக விடலாம், ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். மற்ற இடங்களில் சம்பளத்துக்குக் கட்டுப்படாத பேனா இங்கே இதற்குக் கட்டுப்பட்டது, ஏனென்றால் விதியை எழுதியதும் அதே பேனா.

மருத்துவமனைக்குள்ளேயே நடந்த இன்னொரு மாற்றம் சத்தமில்லாதது. வெளியிலிருந்து காலையில் ஒரு முறை வந்து போகும் டாக்டருக்குப் பதிலாக, நாள் முழுக்க வார்டிலேயே இருந்து உள்நோயாளிகளை மட்டும் பார்க்கும் டாக்டர். 1996-இல் ராபர்ட் வாக்டரும் லீ கோல்ட்மேனும் இவர்களுக்கு ஹாஸ்பிடலிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பதினொரு மணிக்கு வந்தால் பதினொன்றரைக்கு டிஸ்சார்ஜ் எழுத ஆள் இருக்கிறார், மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஆறாவது நாளைக் குறைத்ததில் பி.ஹெச்.ஓ. டின்னர் மீட்டிங்குகளைவிட இவர்களுக்குப் பங்கு அதிகம்.

பிறகு 2000-களின் பிற்பகுதியிலிருந்து டாக்டர்களை வேலைக்கு எடுக்கும் இரண்டாவது அலை. இந்தத் தடவை பாடம் படித்திருந்தார்கள். வெறும் சம்பளம் இல்லை, செய்யும் வேலைக்கேற்ற சம்பளம். ஒவ்வொரு விசிட்டுக்கும் ஆபரேஷனுக்கும் ஆர்.வி.யு. என்ற புள்ளி உண்டு, புள்ளிக்கு இவ்வளவு டாலர். டாக்டர்களுக்கும் அலுத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்குச் செலவு, பில்லிங்குக்கு ஆள், முன் அனுமதிக்குத் தொங்குவது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்குப்படி டாக்டர்களுக்கே சொந்தமான கிளினிக்குகளில் வேலை பார்த்தவர்கள் 2012-இல் 60.1 சதவீதம், 2022-இல் 46.7 சதவீதம். மருத்துவமனைக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. அதே டாக்டர், அதே அறை, வாசலில் போர்டு மட்டும் மாறினால், டாக்டர் கட்டணத்தோடு இடத்துக்கான கட்டணம் என்று தனியாக ஒன்று போடலாம். மெடிகேர் விஷயத்தில் புதிதாகச் சேரும் வெளிக் கிளினிக்குகளுக்கு இதை 2015-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், பழையவை பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன.

ஆனால் இந்தப் புள்ளிச் சம்பளத்தில் ஒரு முரண் இருக்கிறது. 2010 சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு ஏ.சி.ஓ. என்ற அமைப்புகள் வந்தன. மெடிகேர் நோயாளிகளின் மொத்தச் செலவைக் குறைத்துத் தரமும் காட்டினால் மிச்சத்தில் பங்கு. மருத்துவமனைத் தலைவர் மேல்மாடியில் உட்கார்ந்து, தேவையில்லாத சிகிச்சையைக் குறைப்போம் என்று அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இதய டாக்டருக்கு மாதக் கடைசியில் ஒரு தாள் வருகிறது, இந்த மாதம் இத்தனை புள்ளி, இலக்குக்கு இவ்வளவு குறைவு என்று. அவர் எந்தத் தாளைப் பார்த்து வேலை செய்வார்? மேலே குறை, கீழே கூட்டு.

இன்றைக்கு நிலைமை இன்னொரு சுற்று சுற்றியிருக்கிறது. மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் 2023 முதல் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள், அதாவது முதியவர்களும் மேனேஜ்டு கேருக்குள் வந்துவிட்டார்கள். முன் அனுமதித் தொல்லையும் நிராகரிப்பும் தாங்காமல் சில மருத்துவமனைகள் ஒப்பந்தத்தையே உதறுகின்றன. சான் டியாகோவின் ஸ்க்ரிப்ஸ் ஹெல்த் தன் இரண்டு டாக்டர் குழுக்களை 2024 ஜனவரியிலிருந்து இந்தத் திட்டங்களிலிருந்து விலக்கிக்கொண்டது. முப்பதாயிரம் முதியவர்கள் வேறு டாக்டரோ வேறு திட்டமோ தேட வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களே டாக்டர்களை வாங்குகின்றன. யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் ஆப்டம் பிரிவில் வேலை பார்ப்பவர்களும் அதோடு இணைந்தவர்களுமாக 2023-இல் சுமார் 90,000 டாக்டர்கள். மருத்துவமனை முப்பது வருடம் துரத்திய ஆளை எதிராளி அலுங்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கெய்சிங்கரும் 2024-இல் ரைசன்ட் ஹெல்த் என்ற அமைப்பில் சேர்ந்துவிட்டது. ரைசன்ட்டைத் தொடங்கியது வேறு யாருமில்லை, பாலைவனத்தில் ஆணி மடக்கிய கார்ஃபீல்டின் கைசர்தான்.

நான் ஏ.ஆர். காலிங்கில் இருந்த காலத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளினிக்கின் கணக்கு என் கையில் இருந்தது. சி.எம்.எஸ்.-1500 படிவத்தில் பாக்ஸ் 31 டாக்டர் கையெழுத்துக்கு, பாக்ஸ் 33 பணம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதற்கு. நான் சேர்ந்தபோது இரண்டிலும் ஒரே பெயர். ஒன்றரை வருடம் கழித்து பாக்ஸ் 33-இல் அந்த வட்டாரத்து மருத்துவமனையின் பெயர் வந்தது. நான் வேலையை விட்ட பிறகு, அதே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் சொன்னான், இப்போது அங்கே ஓர் இன்ஷூரன்ஸ் குழுமத்தின் கிளைக் கம்பெனி பெயர் வருகிறதாம். முன் அனுமதி நம்பருக்கான பாக்ஸ் 23 மட்டும் இன்னும் பாதி நேரம் காலியாகவே வருகிறதாம், அதற்கு அதே சி.ஓ.-197. பாக்ஸ் 31-இல் அந்த டாக்டர் பெயர்தானா என்று கேட்டேன். அவரேதான் என்றான்.